ஒண்டுக் குடித்தனம்

ஆப்பிள் எம்1 மடிக்கணினியில் லினக்ஸைக் குடிவைக்க ஆசையா, சகோதரிகளே? பேஷாக வைக்கலாம்! லினக்ஸைப் படைத்த லைனஸ் டோர்வால்ட்ஸே, 2022 ஜூலையில் அதன் 5.19-ஆம் பதிப்பை ஆர்ம் சில்லு உள்ள ஆப்பிள் மடிக்கணினியிலிருந்துதான் வெளியிட்டார்.

ஆனால் இன்டெல் சில்லுக்கென்று தயாரித்த லினக்ஸ் இங்கே ஓடாது. ஆர்மின் பாஷையே வேறு. எம்1, எம்2 கணினிகளுக்கென்றே அமைந்தது ‘அஸாஹி’ லினக்ஸ். அது பழைய மாக்கைத் துரத்துவதில்லை. இடம் பிரித்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷனில் குடியேறுகிறது.

இடம் பிரிக்கும்போதுதான் ஆபத்து. கை தவறினால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும் போச்சு! ஆகவே முதல் வேலை, எல்லாவற்றுக்கும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி. அடுத்தது, நீங்கள் தினம் உபயோகிக்கும் மென்பொருளுக்கு ஆர்ம் பதிப்பு உண்டா என்று விசாரிப்பது. குடிபோகுமுன் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பதில்லையா?