பத்தாண்டுக்குப் பிறகே தீர்ப்பு

பித்தப்பையை அகற்றும்போது காயப்பட்டுச் சுருங்கிய பித்தநாளத்துக்குச் செய்யும் மறு அறுவை வென்றதா என்பதை நோயாளி வீடு திரும்பும் நாளில் சொல்லிவிட முடியாது. மீண்டும் ஏற்படும் சுருக்கங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தென்படும். எஞ்சியவை பத்தாண்டு கழித்தும் தலைகாட்டலாம். அதனால் ஓராண்டுக் கணக்கை வைத்து மார்தட்டுவது அவசரம். யார் கத்தி எடுக்கிறார் என்பதும் முடிவை மாற்றுகிறது. 1995இல் அறுவை மருத்துவர்கள் ஸ்டூவர்ட்டும் வேயும் வெளியிட்ட ஆய்வில், முதலில் பித்தப்பையை எடுத்த மருத்துவரே செய்த சீரமைப்புகளில் 17 சதவீதமே பலித்தன. பித்தநாள அறுவையில் தேர்ந்தவர்கள் செய்தவற்றில் 94 சதவீதம் பலித்தன. சிக்கலான காயமுள்ள நோயாளிகளே இத்தகைய தேர்ந்தவர்கள் உள்ள பெரிய மையங்களுக்குப் போகிறார்கள் என்பதால் இந்த இடைவெளி இன்னும் கனம் பெறுகிறது.

பலூனும் ஸ்டென்ட்டும் இருக்க மறுபடி வயிற்றைத் திறப்பானேன் என்று கேட்கலாம். நீளம் குறைந்த சுருக்கத்துக்கு அவை போதுமாகலாம். ஆனால் முந்தைய சீரமைப்பில் சிறுகுடலோடு ஏற்கெனவே இணைத்த நாளத்தை எண்டோஸ்கோப் எளிதில் எட்டாது. அடைப்பு நீடித்தால் கல்லீரலில் சிரோசிஸ் ஏற்பட்டு, பிறகு செய்யும் அறுவையே ஆபத்தாகும். ஆகவே முதல் சீரமைப்பிலேயே தேர்ந்த கையை நாடுவதும், காமாலைக்குக் காத்திராமல் பத்தாண்டுக்காவது ரத்தப் பரிசோதனையைத் தொடர்வதும் சிகிச்சையின் பாகமாக வேண்டும்.