மணல் என்ன, ஆண்டுதோறும் விளையும் பயிரா?

ஆற்று மணலை அள்ளினால் என்ன, அடுத்த வெள்ளத்தில் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. இந்தச் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மணல் பிறப்பது மலையில். வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கப் பாறை வெடிக்கிறது. வெடிப்பில் புகும் மழைநீர், பாறையின் மெலிந்த கனிமங்களைக் களிமண்ணாக்கிவிடுகிறது. மசிய மறுத்து எஞ்சி நிற்பது குவார்ட்ஸ். அதை வெள்ளம் உருட்டி உடைத்து, இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகளாக்கி, சமவெளியில் கொண்டுவந்து சேர்க்கிறது. பல்லாயிரம் ஆண்டு வேலை அது! பொக்லைனுக்கோ ஓர் இரவு போதும்.

அடுத்த வெள்ளம் கொண்டுவருமாம்! எங்கிருந்து? காவிரியில் மேட்டூர் அணை 1934-ல் எழுந்தது. பவானியில் பவானிசாகர் 1955-ல். அணைகளை நாம் பழிக்கவில்லை. அவற்றால் வயிறு நிறைந்தவர்கள் நாம். ஆனால் அணை தண்ணீரைத் திறந்துவிடும்; மணலைத் திறந்துவிடாது. அது நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கரூரிலும் திருச்சியிலும் இன்று கிடப்பது பெரும்பாலும் பழைய இருப்பு. வட்டியல்ல, முதல்!

வீடு கட்ட மணல் வேண்டாமா என்பார்கள். வேண்டும். காற்றில் உருண்டு வழவழத்த பாலைவன மணல் சிமெண்டோடு சரியாகப் பிடிக்காது. ஆற்று மணல் பிடிக்கும். ஆனால் லாரியில் ஏறும் மணலுக்கு விலை போடுகிறவர்கள், படுகையில் கிடக்கும் மணலுக்கு என்ன விலை போட்டார்கள்? அந்த மணிகளின் இடைவெளி, மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அத்தனையும் நீர் தங்கும் இடம். வெயில் எளிதில் உறிஞ்ச முடியாத நீர், வடிகட்டிய நீர். திருச்சி மட்டுமல்ல, தொலைவிலுள்ள இராமநாதபுரமும் இப்படுகைக் கிணறுகளை நம்பியிருக்கிறது. மணல் போனால் கிணறு எதை இறைக்கும்?

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய பாலத்துத் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளியதே முழுக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை; இரண்டும் வயது முதிர்ந்தவை. ஆயினும் படுகை தாழ்ந்தால் அடித்தளம் ஆட்டங்காணும் என்பதை அறியப் பொறியியல் பட்டம் வேண்டுமா?

2003-ல் மணல் குவாரிகளை அரசே ஏற்றது. சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென 2012-ல் உச்சநீதிமன்றம் கூறிற்று. கோட்டையில் எக்கட்சி அமர்ந்தாலும் நாம் கேட்பது இதுதான்: வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் படுகையின் மட்டத்தை அளவெடுங்கள். சேர்ந்த மணலுக்கு மேல் ஒரு கூடையும் அள்ள அனுமதிக்காதீர்கள். அந்தக் கணக்கைக் கரையோர ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதி வையுங்கள்.