பழைய லேப்டாப்புக்கு ஓர் அடாப்டர் பலகை

ஓசூரின் மூக்கண்டப்பள்ளி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் எந்திரத்தின் ஆயுள் வேறு, கணினியின் ஆயுள் வேறு. 25 வருடத்துக்கு முன் வாங்கிய எந்திரம் இன்றும் பிசகாமல் ஓடலாம். ஆனால் அதற்கு நிரல் ஏற்றும் மென்பொருள் டாஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால், சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப்பைக் கைவிட முடியாது. அந்த லேப்டாப்பில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஹார்டு டிஸ்க். உள்ளே மோட்டாரும் பேரிங்கும் சுழல்கின்றன. தேய்மானம் தவிர்க்க முடியாதது.

மாற்று வழியைப் புரிந்துகொள்ள, டிஸ்க் எப்படி இணைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1990களின் லேப்டாப் டிஸ்க்குகளில் பரவலாக இருந்தது ஐடிஇ இணைப்பு. இதில் 16 பிட் தரவு 16 கம்பிகளில் ஒரே சமயத்தில் போய்வரும். மேசைக் கணினியில் இதற்கு 40 பின்கள். மின்சாரம் தனி வயரில் வரும். லேப்டாப்பில் அதற்கு இடமில்லை. அதனால் பின்களின் இடைவெளியை 2.54 மி.மீட்டரிலிருந்து 2 மி.மீட்டராகக் குறைத்து, மின்சாரத்தையும் சேர்த்து 44 பின்கள் ஆக்கினார்கள். 41, 42 இரண்டும் 5 வோல்ட். 43 கிரவுண்ட்.

இனி, அந்த டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தப்போகும் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு. 1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்தது. கேமராக்காரர்களுக்கு நன்கு பழகியது. இதில் 50 பின்கள். ஐடிஇ மொழி தெரிந்த சில்லு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. மின்சாரம் வரும் நேரத்தில் 9ஆம் பின் கிரவுண்டோடு இணைந்திருந்தால், கார்டு தன்னை ஐடிஇ டிஸ்க்காகவே காட்டிக்கொள்ளும். 5 வோல்ட்டிலும் வேலை செய்யும். ஆகவே நடுவில் வைக்கும் பலகைக்குச் சில்லு தேவையில்லை. ஒரு பக்கத்துப் பின்னை மறுபக்கத்துப் பின்னோடு சேர்க்கும் செப்புத் தடங்களே போதும். இன்றைய சாட்டா டிஸ்க்கை இணைக்க வேண்டுமானால் கதை வேறு. அது தரவை வரிசையாக அனுப்பும் முறை என்பதால் மொழிமாற்றும் சில்லு ஒன்று கட்டாயம்.

தடங்களை வரைய கீகேட் என்ற இலவச மென்பொருள் உண்டு. இரண்டு அடுக்குப் பலகை தாராளம். 5 வோல்ட், கிரவுண்ட் தடங்களை அகலமாக இழுத்து, கார்டின் அருகே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைக்க வேண்டும். கார்டின் 39ஆம் பின்னைக் கிரவுண்டில் சேர்த்தால் அது முதன்மை டிஸ்க் ஆகும்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கார்டின் 43, 44ஆம் பின்கள். டிஎம்ஏ, அதாவது பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேராக நினைவகத்துக்கு அனுப்பும் முறை, இந்தப் பின்களின் சைகைகளைக் கொண்டுதான் நடக்கிறது. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் இவற்றை இணைக்காமல் விட்டிருப்பார்கள். டாஸில் குறை தெரியாது. விண்டோஸ் டிஎம்ஏவை முயலும்போது நின்றுவிடும்.

மற்றொன்று கனெக்டரின் திசை. தலைகீழாகத் திருப்பிச் செருகினால் 41, 42இல் இருக்கும் 5 வோல்ட், தரவுக் கம்பிகளான 4, 3இல் நேராகப் போய் இறங்கும். கார்டு பிழைப்பது சந்தேகம். பலகையின் அடிப்பக்கத்தில் கனெக்டரை வைத்துவிட்டால் ஒற்றைப்படை வரிசையும் இரட்டைப்படை வரிசையும் இடம் மாறும். அப்போது ரீசெட் பின் கிரவுண்டில் உட்கார்ந்துகொள்ளும், கார்டு எழவே எழாது. வரைபடத்தை அசல் அளவில் தாளில் அச்சிட்டுக் கனெக்டரை அதன்மேல் வைத்துப் பார்ப்பதும், மின்சாரம் கொடுக்குமுன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு தடத்தையும் சோதிப்பதும் இதனால்தான்.

பலகை சரியாக இருந்தாலும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் தடுக்கலாம். 1990களின் தொடக்கத்து பயாஸ் பலவும் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது. ஒரு செக்டர் 512 பைட். பெருக்கினால் ஏறக்குறைய 52.8 கோடி பைட்தான். அங்கே சிறிய கார்டே பொருத்தம்.

இதையெல்லாம் வீட்டில் செய்ய வேண்டுமா? சாதாரண 44 பின் லேப்டாப்புக்குத் தேவையில்லை. ஆயத்த அடாப்டர் மலிவு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பேர்போன பெங்களூரு எஸ்.பி. ரோடும் ஓசூருக்குப் பக்கம். டிஸ்க் வைக்கும் கூட்டின் வடிவமோ கனெக்டரோ அந்த மாடலுக்கே உரியதாக இருந்தால் சொந்தப் பலகைக்கு அர்த்தம் உண்டு. எந்த வழியானாலும், டிஸ்க் இன்னும் ஓடும்போதே அதை முழுதாக நகலெடுத்து வையுங்கள். அதிலிருக்கும் மென்பொருளை விற்ற நிறுவனம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம்.