அண்ணனும் பழைய விளையாட்டுப் பெட்டியும்



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி வந்து இறங்கியது. ஆளுயரப் பெட்டி. 1990களில் சுங்கை பட்டாணி, கூலிம் கடைவீடுகளில் வரிசையாக நின்றிருந்த அதே வகை. பழைய இரும்புக் கடையில் 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அதைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், "மாணவர்களைக் கைப்பேசியில் விளையாடாதே என்கிறோம். நீங்கள் வீட்டிலேயே கேம் கடை திறந்துவிட்டீர்களே, சார்!" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் பீடோங் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பா பால்மரம் வெட்டினார். எனக்கு ஐந்து வயது மூத்தவர் அண்ணன். 1992-இல் அவர் மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதினார். அத்தேர்வு கடைசியாக நடந்த ஆண்டு அது. மறு ஆண்டு பி.எம்.ஆர். வந்துவிட்டது. அண்ணன் தேறவில்லை. தேறாததற்கு வீட்டில் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த கேம் கடை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை விளையாட்டு 1991-இல் ஜப்பானில் வெளிவந்து உலகெங்கும் பரவிய காலம். பள்ளிச் சீருடைக்கு மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் அங்கே போவார். ஒருமுறை என்னையும் அழைத்துச் சென்றார். அந்த விளையாட்டில் வரும் ஒரே இந்தியர் 'தால்சிம்' என்னும் யோகி. கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, இரப்பராய் நீளும் கைகால்கள். இன்று ஓர் ஆசிரியராகப் பார்த்தால் நம்மை இப்படியா வரைந்தார்கள் என்று முகம் சுளிக்கத் தோன்றுகிறது. அன்று தோட்டத்துப் பையன்கள் எல்லாருமே அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தோற்றாலும் அவர்தான்.

அப்பாவுக்குச் செய்தி எட்டியது. அன்று அண்ணன் வாங்கிய அடி என் நினைவில் இன்னும் இருக்கிறது. அதன்பின் அவர் பள்ளிக்குத் திரும்பவில்லை. அதே கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருபது காசு, இருபது காசாக ஒரு நாள் கூலியையே விழுங்கும் பெட்டிகள் அவை. சில கடைகளில் பின்னறையில் சூதாட்டப் பெட்டிகளும் இருந்தன. பிலிப்பைன்ஸில் 1981-இல் அதிபர் மார்க்கோஸ் வீடியோ விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தார் என்றால், இந்த அச்சம் எங்கள் தோட்டத்தில் மட்டும் இருந்ததன்று. ஆனால் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கடையில் அண்ணன் என்ன வேலை செய்தார்?

முப்பது ஆண்டுகள் கழித்து, பெட்டியின் பின்கதவைத் திறந்தபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. அடிப்பலகையைக் கறையான் அரித்திருந்தது. நானும் என் பத்து வயது மகளும் பலகையை மாற்றி, வண்ணம் பூசி முடித்தோம். மின்சாரப் பகுதி எனக்குப் புரியவில்லை. இணையத்தில் பார்த்தால், பழைய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அடங்கிய புதிய பலகை ஒன்றைப் பொருத்திவிடுங்கள் என்கிறார்கள். அரை நாள் வேலை. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பழுது என்னன்னு பார்க்காமலே மாத்துறதுக்குப் பேரு ரிப்பேரா?" என்றார். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

முதலில் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். படக்குழாய்த் திரையில் ஏறத்தாழ இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். (பெற்றோர்களே, இந்தப் பகுதியைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடவேண்டும். பிள்ளைகள் கிட்டவே வரக்கூடாது.) அண்ணன் அதைத் தரையிணைப்புக் கம்பியால் இறக்கிவிட்டு, திரையின் மின்சுற்றில் வீங்கிப்போயிருந்த மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக மாற்றினார். மின்தேக்கிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. தலைகீழாக வைத்தால் வெடிக்கும். கண்ணாடி போடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் பற்றவைத்த அழகைப் பார்த்தபோது, எங்கள் பயிற்சிக் கழகத்தில் நான் பார்த்த எந்தச் செய்முறை விளக்கமும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு மகளை அழைத்து, "பாப்பா, உன் அழிப்பானைக் கொண்டா" என்றார். விளையாட்டுப் பலகையின் ஓரத்தில் இருக்கும் தொடுமுனைகளில் படிந்த கறையைப் பள்ளிக்கூட அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து எடுக்கச் சொன்னார். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, மொத்தம் 56. இது ஜப்பானிய விளையாட்டு இயந்திரச் சங்கம் 1985-இல் வகுத்த 'ஜாமா' என்னும் பொது முறை. இம்முறை வந்த பிறகு, பெட்டி ஒன்றாகவே இருக்கப் பலகையை மட்டும் மாற்றி வேறு விளையாட்டைப் போடலாம் என்றானது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு வேலை. இது மேல், இது கீழ், இது ஒலி, இது நாணயம், இவை திரையின் சிவப்பு, பச்சை, நீலம். மகள் ஒவ்வொரு கம்பியிலும் தமிழில் எழுதி ஒட்டினாள்.

மின்சாரம் கொடுத்தோம். படம் வந்தது, ஒலி வந்தது. குத்து விழுந்தது, உதை மட்டும் விழவில்லை. ஜாமா முறையில் ஓர் ஆட்டக்காரருக்கு வழக்கமாக மூன்று பொத்தான்கள்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு வேண்டும்: மூன்று குத்து, மூன்று உதை. உதைக்கென்று தனி இணைப்பு பலகையிலேயே இருக்கும். எங்கள் பெட்டியில் அந்தக் கம்பிகளைத்தான் எலி தின்றிருந்தது. புதிய கம்பி எடுத்து, மல்டிமீட்டரை வைத்து எந்த முனை எந்தப் பொத்தானுக்கு என்று மகளே தேடட்டும் என விட்டுவிட்டார் அண்ணன். அவளுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. நான் இடையில் புகுந்து விடையைச் சொல்லப் போனேன். "நீ வாத்தியாரு, கொஞ்சம் சும்மா இரு" என்று அண்ணன் அடக்கிவிட்டார்.

அந்த மாடிக் கடையின் சீன முதலாளியிடம் அவர் கற்றது இதுதான். முதல் ஆறு மாதம் நாணயப் பெட்டியைத் துடைத்தாராம். அப்புறம் பொத்தான்களை மாற்றினாராம். அப்புறம் திரை. கடை மூடப்பட்ட பின் தொலைக்காட்சி பழுதுபார்த்தார். தட்டைத் திரைகள் மலிந்ததும் அந்தத் தொழிலும் தேய்ந்தது. கூலிமில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். சான்றிதழ் எதுவும் இல்லாததால் உற்பத்தி வரிசையில்தான் இடம் கிடைத்தது. அவரால் பழுதுபார்க்கக்கூடிய இயந்திரம் நின்றுபோனால், பழுதுபார்ப்பவர் வரும்வரை ஓரமாக நிற்கவேண்டும்.

என் மனத்தை அரிப்பது இதுதான். பினாங்கில் இன்டெல் 1972-இல் தொழிற்சாலை தொடங்கியது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பின்னர் இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்களும் அங்கே வந்தன. நம் தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, உலகமே பயன்படுத்தும் சில்லுகளைச் செய்யும் இடத்துக்குப் போகிறார்கள். ஆனால் தம் வீட்டு வானொலியின் பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூட நாம் அவர்களை விட்டதில்லை. திறந்தவனை அடித்தோம், "கெடுத்துவிடாதே" என்றோம். நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். பறித்தவர்களில் நானும் ஒருவன். அந்த நேரத்தில் கணிதப் பயிற்சி நடத்தியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்புச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப்போட்ட ஒரு மாணவனை வெளியே நிறுத்தியும் இருக்கிறேன். அவன் அதைத் திரும்பப் பூட்டத் தெரிந்து வைத்திருந்தானா என்று கேட்கவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை விளையாட்டில் விட்டுவிடலாமா என்று பெற்றோர் கேட்கலாம். விடவேண்டாம். கைப்பேசி விளையாட்டு அந்தப் பழைய பெட்டியைவிடப் பொல்லாதது என்பது என் கருத்து. பெட்டியில் காசு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. பின்னால் நிற்பவனுக்கு இடம் விடவேண்டும். கைப்பேசியில் முடிவும் இல்லை, வரிசையும் இல்லை. திருகாணிகூட வெளியே தெரிவதில்லை. எங்கள் வீட்டில் மகள் இந்தப் பெட்டியில் விளையாடிய நேரத்தைவிட அதன் பின்னால் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். எல்லாரும் இப்படிப் பெட்டி வாங்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பழைய மேசை விசிறி போதும், மின்கம்பியைக் கழற்றிவிட்டு. திருப்புளி ஒன்றைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருங்கள்.

இன்னொன்று. முன்னனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று நம் நாட்டில் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின்கீழ் அது நடைபெறுகிறது. வகுப்பறையில் உட்காராமல் தொழிலில் கற்றவர்கள் தம் வேலைக்கான சான்றுகளைத் திரட்டி விண்ணப்பிக்கலாம். உங்கள் மாணவர்களின் பெற்றோரில் இத்தகையவர்கள் இருப்பார்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். அண்ணனுக்கும் சொன்னேன். "இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்றார். விவரத்தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டியில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. நாணயத் துளை பழைய இருபது காசை மட்டுமே ஏற்கிறது. 2012-இல் வெளிவந்த புதிய நாணயத்தைத் துப்பிவிடுகிறது. அளவும் எடையும் வேறு. மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அண்ணன் வேண்டாம் என்றார். அம்மாவின் மைலோ டப்பாவில் பழைய காசு கொஞ்சம் இருந்தது. எண்ணிப் பார்த்தோம்: முப்பத்தொன்று. மகள் ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறாள்.