புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ஓராண்டு வழிகாட்டுதல்: எங்கள் நிலைப்பாடு

தீவிர சிகிச்சையிலோ மகப்பேற்றிலோ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்துப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் பன்னிரண்டு மாதங்கள் இன்னார்தான் வழிகாட்டி என்று எழுத்தில் நியமிக்க வேண்டும். அந்த வழிகாட்டுதலுக்கான நேரம் டூட்டி ரோஸ்டரில் இடம்பெற வேண்டும். இதுவே எங்கள் செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு. சீனியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாய்மொழி ஏற்பாட்டை வழிகாட்டுதல் என்று நாங்கள் ஏற்கவில்லை. பொறுப்பேற்பவர் யார், எந்த நேரத்தில், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதப்படாத உதவி, வேலை குறைவாக உள்ள நாளில் கிடைக்கும்; வார்டு நிரம்பி வழியும் நாளில், அதாவது தேவைப்படும் நாளில், கிடைக்காது.

ஏற்கெனவே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வருபவர்களுக்கு இன்னும் எதற்கு வழிகாட்டி என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். இந்திய நர்சிங் கவுன்சில் 2016-இல் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் பாடத்திட்டத்தில் வகுப்பறைப் பாடம் 20 விழுக்காடு, நோயாளி அருகிலான பயிற்சி 80 விழுக்காடு. படிக்கும்போதே செவிலியர் தரப்பிலும் மருத்துவர் தரப்பிலும் பயிற்றுநர்கள் உண்டு. செவிலியர் பணி அனுபவம் இல்லாதவர் இதில் சேரவே முடியாது. மகப்பேற்றுக்கு 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் பதினெட்டு மாதப் பயிற்சியைக் கேட்கின்றன. அறிவுக்கோ கைத்திறனுக்கோ குறைவில்லை என்றே நாங்களும் சொல்கிறோம். ஆனால் படிப்புக் காலத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்குக் கீழும் இன்னொருவர் கையெழுத்து இருந்தது. பட்டம் வாங்கிய மறுநாள் அது இல்லை.

இரவு இரண்டு மணி. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது. நார்அட்ரினலின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஏ.பி.ஜி. அறிக்கையில் லாக்டேட் ஏறியிருக்கிறது. இன்னொரு பாட்டில் சலைன் ஏற்றுவதா, நார்அட்ரினலின் அளவைக் கூட்டுவதா, மருத்துவரை இப்போதே எழுப்புவதா, கால் மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதா? மருத்துவமனையின் நிலையாணை இவற்றில் சிலவற்றை அனுமதிக்கும். எதை எப்போது என்று அது சொல்லாது. இந்தத் தீர்மானத் திறன் புத்தகத்தில் இருந்து வருவதில்லை, தனியே விடப்படுவதாலும் வருவதில்லை. மறுநாள் அதே கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "ஒன்றேகால் மணிக்கே யூரின் அவுட்புட் குறைஞ்சிருக்கே, அப்ப என்ன நினைச்சீங்க?" என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்டுவிட்டுப் பதிலைப் பொறுமையாகக் கேட்கவும் வேண்டும். இது ஹேண்டோவர் பரபரப்பில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் இல்லை. செவிலியர் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதிய நூலில், தேர்ந்த செவிலியரும் தமக்குப் பழக்கமில்லாத நோயாளிகளிடையே வந்து நிற்கும்போது மறுபடி கற்றுக்குட்டி நிலைக்குப் போகக்கூடும் என்று காட்டினார். பத்தாண்டு ஐ.சி.யூ. அனுபவத்தோடு வருபவருக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறோம். அவருக்கு நோயாளி பழையவர்தான், பொறுப்பு புதிது. அவரைப் பார்த்து "உங்களுக்குத் தெரியாததா" என்று எல்லோரும் சொல்வதால், சந்தேகம் வந்தாலும் வாய்விட்டுக் கேட்க அவர் கூச்சப்படுவார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாகச் சேரும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு மேலே அதே பதவியில் பழுத்தவர் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை. பல இடங்களில் அந்தப் பதவியே தனியாக இல்லை. அமெரிக்காவில் இந்தப் பணி 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. அங்கேயே, புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்கு ஓராண்டு முறைப்படியான பயிற்சிப் பணி கனெக்டிகட் மாநிலத்துச் சமூக நல மருத்துவ மையம் ஒன்றில் தொடங்க 2007 ஆயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! அந்தத் தாமதத்தை நாமும் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் புதிதாகப் பணியேற்பவர்களை வழிநடத்துவதற்கான நெறிகளை 2020-இல் வெளியிட்டிருக்கிறது. நம் நிலைமைக்கு நாங்கள் முன்வைப்பது இரட்டை வழிகாட்டி: ஒருவர் மூத்த செவிலியர், மற்றவர் அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர். நோயைப் பற்றிய தர்க்கத்தை மருத்துவர் சரிபார்ப்பார். வார்டின் போக்கு, உறவினரிடம் பேசும் விதம், யாரை எப்போது அழைப்பது என்பதெல்லாம் மூத்த செவிலியரிடம்தான் கிடைக்கும்.

ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கே பல இடங்களில் எட்டாக்கனி. அங்கே சீனியரை இரண்டு மணி நேரம் விடுவிக்கச் சொன்னால் வார்டு இன்சார்ஜுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் நாங்கள் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரமும், முதல் மாதத்தில் புதியவரை ஆள் கணக்கில் சேர்க்காமல் வைப்பதும் மட்டுமே. இரண்டாண்டு படித்த ஒருவர் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போனால் அந்த இழப்பையும் அதே வார்டுதான் சுமக்கிறது. வழிகாட்டுதல் ஒன்றே எல்லோரையும் தக்கவைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தகுதிக்கேற்ற பதவியும் ஊதியமும் இல்லாமல் யாரும் நிற்கப்போவதில்லை. அது தனிக் கோரிக்கை, அதையும் கைவிடவில்லை.

எங்கள் உறுப்பினர்களிடமிருந்தே வரும் எதிர்ப்பு வேறு. வழிகாட்டி என்ற பெயரில் மருத்துவரின் மேற்பார்வை நிரந்தரமாகிவிடும், போராடிப் பெறும் தன்னுரிமை கைநழுவும் என்கிறார்கள். இந்த அச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். அதனால்தான் பன்னிரண்டு மாதம் என்ற எல்லையைத் தேதியோடு எழுதச் சொல்கிறோம். எந்தெந்த முடிவுகளைப் புதியவர் முதல் நாளிலிருந்தே தாமாக எடுக்கலாம் என்ற பட்டியலையும் மருத்துவமனை முன்கூட்டியே தர வேண்டும். வழிகாட்டி, புதியவரின் ரகசியக் குறிப்பையோ பதவி உயர்வு அறிக்கையையோ எழுதக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. மதிப்பெண் போடப்போகிறவரிடம் யாரும் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லமாட்டார்கள்.

1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், மகப்பேற்றியல் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. இந்த ஓராண்டு வழிகாட்டுதலை அதன் விதிகளில் சேர்க்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம். விதி வரும்வரை மருத்துவமனைகள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மாத ரோஸ்டரைப் போடும்போதே செவிலியர் கண்காணிப்பாளர்கள் அந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கித் தொடங்குமாறு வேண்டுகிறோம்.