இரட்டைப்படை நாளில் சைக்கிள்

கலிபோர்னியாவும் நெவாடாவும் பகிர்ந்துகொள்ளும் தாஹோ ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,900 மீட்டரில் இருக்கிறது. அதன் கிழக்கே, மலைச்சரிவை ஒட்டி ஓடுகிறது ‘ஃப்ளூம்’ பாதை. 19-ம் நூற்றாண்டில் வர்ஜீனியா சிட்டி வெள்ளிச் சுரங்கங்களுக்காக நீர் ஓடிய மரக்கால்வாயின் தடம் அது. இப்போது மலைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஒரு பக்கம் கருங்கல் பாறை. மறுபக்கம், பல நூறு அடி கீழே நீலத் தண்ணீர். ஹேண்டில்பார் கொஞ்சம் திரும்பினாலும் சக்கரத்தடியில் மணல் சரியும்.

இத்தகைய இடத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் உரசல் வராமல் இருக்குமா?

ஏரியைச் சுற்றி, தன்னார்வலர்களின் உழைப்பில் 2001-ல் முழுமை பெற்ற தாஹோ ரிம் பாதையின் நீளம் சுமார் 265 கிலோமீட்டர். அதில் தாஹோ மெடோஸ் முதல் டனல் கிரீக் வரையிலான பகுதியில் சைக்கிளுக்கு இரட்டைப்படைத் தேதிகளில் மட்டுமே அனுமதி. ஒற்றைப்படை நாளில் முதியவரும் குழந்தையும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம். வேலியோ காவலரோ தேவையில்லை, நாள்காட்டி போதும்.

அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, தாஹோவை ஒட்டிய ‘டெசொலேஷன்’ வனப்பகுதியில் சைக்கிளுக்கு முழுத் தடை. அந்தத் தடை நீடிக்கட்டும். மற்ற மலைப்பாதைகளில் தடை விதிக்கும் முன், அதிகாரிகள் தாஹோவின் தேதிக் கணக்கை ஒருமுறை செய்துபார்க்க வேண்டும்.