செல்லாத பிரிவில் வழக்கு: 'கிட்' இருந்தால் தடுக்கலாமா?

ஆன்லைனில் 'புண்படுத்தும்' பதிவு போட்டால் 3 ஆண்டு வரை சிறை. ஐடி சட்டத்தின் இந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தது. ஆனால் அதற்குப் பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. ஏன்? சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான விஷயம் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று 2021-ல் கோர்ட்டில் சொன்னார் அட்டர்னி ஜெனரல்!

புரோகிராமர்கள் பயன்படுத்தும் 'கிட்' மென்பொருளில் எந்த வரி, எப்போது, யாரால் மாறியது என்பது பதிவாகிவிடும். நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில் தெரியும். தீர்ப்பு வந்ததுமே 66ஏ-வையும் இப்படிச் சிவப்பாக்கிக் காட்டியிருக்கலாம். நம்ம திருத்த மசோதாக்களோ, 'இந்தச் சொல்லுக்குப் பதில் அந்தச் சொல்' என்றுதான் வரும். பழைய சட்டத்தைப் பக்கத்தில் வச்சுப் படிச்சாத்தான் புரியும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் டி.சி. கவுன்சில் தன் சட்டத் தொகுப்பை கிட்ஹப்பிலேயே வைத்திருக்கிறது. அதிலிருந்த சிறு பிழையை 2018-ல் ஒரு புரோகிராமர் திருத்தி அனுப்ப, கவுன்சில் தரப்பு ஏற்றுக்கொண்டது. சட்டத்தின் பொருளையே மாற்றணும்னா, அங்கேயும் ஓட்டெடுப்புதான்.

'யார் மாற்றியது' என்பதில்தான் கிட்டும் தடுமாறும். ஃபைலை ஏற்றியவர் பெயர் தெரியும்; அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் பெயர் தெரியாது. நம் நாடாளுமன்றக் குழுக்கள் கூடுவதே மூடிய அறையில்தானே.